ஆர்வியில் பாட்டி: கேம்ப்கிரவுண்டில் மாசக்கணக்கில் இருந்தால் அன்றாடம் எப்படி ஓடும்?

திண்ணை72
கேள்வியை நேரா வைக்கிறேன். அமெரிக்காவில் ஒரு கேம்ப்கிரவுண்ட், மூணு மாசம். 28 அடி டிராவல் டிரெய்லர், அதாவது காரோ டிரக்கோ இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி (ஆர்வி). 30 ஆம்ப் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூணும் உள்ள சைட் (வண்டி நிறுத்துற இடம்). தங்கப்போறது 72 வயசுப் பாட்டி. முழங்கால் வலி, இன்சுலின் உண்டு. மற்றபடி கையும் புத்தியும் சுறுசுறுப்பு. பகலில் தனியா இருப்பாங்க, ஆள் வர சாயங்காலம் ஆகும். எந்த வேலையை அவங்க கையில் விடலாம், எதைத் தொடவே கூடாது, வண்டியில் எதை மாத்தணும்? "ஜாலியா இருக்கும், கவலைப்படாதீங்க" வகைப் பதில் வேண்டாம்.

முப்பதுஆம்ப்
மின்சாரத்தில் ஆரம்பிக்கிறேன், பகலில் தனியா இருக்கிறவங்களை முதலில் படுத்துறது அதுதான். 30 ஆம்ப், 120 வோல்ட், ஆக மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது சுமார் 13 ஆம்ப். வெந்நீர்த் தொட்டியின் மின் எலிமென்ட் 1,440 வாட், அதாவது 12. இதிலேயே 25 போச்சு. இப்போ மைக்ரோவேவ் போட்டா இன்னொரு 12, 13. பிரேக்கர் விழும். விழாம இழுத்துக்கிட்டே இருந்தா அதைவிட மோசம், பிளக் சூடாகும்.

பாட்டிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரே விதி போதும்: ஏசி, வெந்நீர், மைக்ரோவேவ் மூணில் ஒரு நேரத்தில் ரெண்டுதான். இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர், இண்டக்ஷன் எல்லாம் மைக்ரோவேவ் கணக்கில் சேரும்.

வெந்நீருக்கு ஒரு வழி இருக்கு. 6 காலன் தொட்டி மின்சாரத்தில் சூடாக முக்கால் மணி நேரம் பிடிக்கும், கேஸில் 25 நிமிஷம். ஏசி தேவைப்படாத விடிகாலையில் மின்சாரத்தில் போட்டு, குளிச்சு முடிச்சதும் அணைச்சிடலாம். தொட்டிக்குக் காப்பு உண்டு, மதியம் பாத்திரம் கழுவுற அளவுக்குச் சூடு நிக்கும்.

சைட்டில் மின்சாரம் தர்ற கம்பத்துப் பெட்டியில் சொருகும் முன்னாடி அங்கே உள்ள பிரேக்கரை அணைக்கணும். முதலில் சர்ஜ் புரொடெக்டர், அதிலும் வோல்டேஜ் குறைஞ்சா தானே துண்டிக்கிற வகை, அப்புறம்தான் வண்டியின் கேபிள். வெயில் மதியத்தில் பார்க் முழுக்க ஏசி ஓடும், வோல்டேஜ் 104க்குக் கீழே இறங்கினா நல்ல யூனிட் வெட்டிடும். பாட்டிக்கு அது "கரண்ட் போச்சு"ன்னு தெரியும். ரெண்டு மூணு நிமிஷத்தில் தானா வந்தா புரொடெக்டர், வரலைன்னா பிரேக்கர். இதைச் சொல்லி வெச்சா பாதிப் பதற்றம் மிச்சம். வாரம் ஒருமுறை பிளக் முள்ளைப் பாருங்க. பழுப்போ கறுப்போ ஏறியிருந்தா சாக்கெட் தளர்ந்திருக்கு, ஆபீஸில் சொல்லி மாத்தச் சொல்லணும். அதுவரை அதிகம் இழுக்கிற எதையும் போடக்கூடாது.

படிக்கட்டு
முழங்கால் வலின்னா மின்சாரத்துக்கு முன்னாடி படியைப் பாருங்க. டிரெய்லரோட வர்ற மடக்குப் படி குறுகல், உயரமும் அதிகம், மிதிச்சா ஆடும். இறங்கும்போதுதான் விழுவாங்க. தரையில் ஒரு அகலமான மேடைப்படி வெச்சு, ஒவ்வொரு படியும் 6, 7 அங்குலத்துக்கு மேல் ஏறாம பாத்துக்குங்க. கைப்பிடி இரண்டு பக்கமும் வேணும். மடிஞ்சு சுவரோட ஒட்டுற நீளமான கைப்பிடியை, உள்ளே சட்டம் இருக்கிற இடம் பாத்து முடுக்கணும். வெறும் பேனலில் முடுக்கின ஸ்க்ரூ முதல் இழுப்புக்குத் தாங்கும், பத்தாவது இழுப்புக்குக் கையோட வந்திடும். தரை வரை தொங்குற உடைன்னா படியோட முன்விளிம்பில் உள்ள ஓட்டைத் தகட்டில் மாட்டும், மேலே ரப்பர் உறை போட்டுடுங்க.

வண்டி ஆட்டம் தனி. முதலில் இடவலம் மட்டம், சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம் இழுத்து வந்த வண்டியைக் கழட்டல், பிறகு முன்பின் மட்டம், கடைசியா நாலு மூலை ஜாக். மூலை ஜாக் வண்டியைத் தூக்க இல்லை, ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான். அதை வெச்சுத் தூக்கினா சட்டம் வளைஞ்சு கதவு சரியாச் சாத்தாது. கதவு சாத்தலைன்னா பாட்டி பலம் போட்டு இழுப்பாங்க, படியில் நின்னுக்கிட்டு!

சின்னஅடுப்பு
சமையல். கேஸ் அடுப்பா இண்டக்ஷனான்னு எப்பவும் சண்டை வரும். என் ஓட்டு இண்டக்ஷன், ஆனா முழு 1,800 வாட்டில் இல்லை. 900, 1,000 வாட்டில் வெச்சா 8 ஆம்ப் ஆகும், வெந்நீர் அணைஞ்சிருந்தா ஏசியோடவே ஓடும். தீ இல்லை, கரி இல்லை, மறந்து போனா டைமர் அணைக்கும். டிரெய்லர்க் கேஸ் அடுப்பு மூணு பர்னரும் நெருக்கி வெச்சது, அகலப் பாத்திரம் வெச்சா பக்கத்துத் திருகு சூடாகிக் கையைச் சுடும்.

இன்னொண்ணு: கேஸ் எரிஞ்சா நீராவியும் வரும். மூடின டிரெய்லரில் ஒரு மணி நேரம் கேஸ் எரிச்சா ஜன்னல் உள்பக்கம் தண்ணீர் வழியும்.

நீலக்குழாய்
சின்னஅடுப்பு சொல்றது சரிதான், ஆனா கேஸையும் கத்துக்கொடுத்து வைக்கணும். கரண்ட் போன நாளில் வெந்நீரும் அடுப்பும் கேஸில்தான். சிலிண்டர் வால்வை வேகமாத் திறந்தா உள்ளே ஒரு பாதுகாப்பு அடைப்பு விழுந்து கேஸ் கசிவளவுக்குத்தான் வரும், அடுப்புத் தீ நோஞ்சானா எரியும், ஹீட்டர் பத்தவே பத்தாது. "கேஸ் தீர்ந்துபோச்சு"ன்னு நினைப்பாங்க. எல்லாத்தையும் அணைச்சு, வால்வை மூடி, சில நிமிஷம் விட்டு, மெதுவாத் திறந்தா சரியாயிடும். சிலிண்டரை மாத்துறது பாட்டி வேலை இல்லை. 30 பவுண்ட் சிலிண்டர் நிறைஞ்சா மொத்தம் 25 கிலோ வரும்.

இனி தண்ணீர். குடிநீருக்கு உகந்ததுன்னு போட்ட குழாய் மட்டும், குழாயடியில் பிரஷர் ரெகுலேட்டர் 45 முதல் 50 பிஎஸ்ஐ, அடுத்து கரி ஃபில்டர். ரெகுலேட்டரை வண்டிப் பக்கம் மாட்டாதீங்க, வெளிக்குழாய் வெடிக்கும். பகலில் வெளியே எங்கேயாவது கிளம்பினா குழாயடியில் மூடிட்டுப் போறது நல்ல வழக்கம், உள்ளே ஒரு இணைப்பு விட்டா திரும்பி வர்றதுக்குள் தரை ஊறிடும்.

வெந்நீர்த் தொட்டி காலியா இருக்கும்போது மின் சுவிட்சைப் போட்டா எலிமென்ட் சில நொடியில் கருகும். சமையலறை வெந்நீர்க் குழாயைத் திறந்து காத்து இல்லாம தண்ணீர் வந்தபிறகுதான் சுவிட்ச். அந்தச் சூடு பாட்டிக்கு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்றேன். பல தொட்டிகள் 130, 140 பாரன்ஹீட்டுக்கு ஏத்தும். 140ல் சில நொடியிலேயே தோல் வெந்துடும், வயசானவங்க தோல் மெலிசு, விலகுற வேகமும் குறைவு. தொட்டி வெளிவாயில் குளிர்நீர் கலந்து சூட்டைக் குறைக்கிற ஒரு கலப்பு வால்வு போட்டு 120க்குக் கீழே வைங்க. இந்த இழையில் செலவு பண்ணச் சொல்ற எல்லாத்திலும் இதுதான் முதல்.

குளியல்: உட்கார ஸ்டூல், கையில் பிடிக்கிற ஷவர். ஃபைபர் தொட்டியின் அடி குழிவா நிக்கும், ஸ்டூல் கால் குத்திக் கீறல் விடும். நாலு காலுக்கும் பொதுவா ஒரு ரப்பர் பாய் போடுங்க. ஷவர் தலையில் நிறுத்துற பட்டன் இருந்தா, திரும்பத் திறந்ததும் வர்ற முதல் தண்ணீர் சூடாவோ குளிராவோ இருக்கும். சுவரைப் பாத்துத் திறந்து, அப்புறம் உடம்புக்கு.

கறுப்புத்தொட்டி
எல்லாரும் சுத்தி வளைக்கிற சப்ஜெக்டுக்கு வருவோம். கழிவறைத் தொட்டி வால்வு எப்பவும் மூடியே இருக்கணும். சாக்கடை இணைப்பு இருக்கேன்னு திறந்து விட்டா தண்ணீர் மட்டும் ஓடிடும், மத்தது அடியில் கோபுரம் கட்டி நிக்கும். அதைக் கரைக்க நாள் கணக்கா ஊறவைக்கணும், அப்பவும் உத்தரவாதம் இல்லை.

பானலில் "முக்கால்"னு விளக்கு எரியுறதை நம்பாதீங்க, சென்சாரில் காகிதம் ஒட்டிக்கிட்டா காலித் தொட்டியும் முக்கால்னே காட்டும். டார்ச் அடிச்சுக் கழிவறைக் குழாய்க்குள் பாருங்க. பெடலை மிதிக்கும்போது கீழேயிருந்து குமிழி வெடிச்சா, அன்னிக்கே காலி பண்ணணும்.

மூணில் ரெண்டு பங்கு நிறைஞ்சதும், சாயங்காலம் வர்ற ஆள், கையுறையோட: முதலில் கறுப்புத் தொட்டி (கழிவறைக் கழிவு), அப்புறம் சாம்பல் தொட்டி (சிங்க், ஷவர் தண்ணீர்). சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கிட்டுப் போகும். ரெண்டையும் மூடி, கழிவறை வழியா ரெண்டு காலன் தண்ணீர் ஊத்தி வைங்க. வறண்ட தரையில் விழுந்தது விழுந்த இடத்திலேயே ஒட்டும். குழாய்ச் சரிவு அடிக்குக் கால் அங்குலம், 10 அடிக்கு ரெண்டரை. நடுவில் தொய்வு விழாம தாங்கி வைக்கணும்.

பாட்டிக்குச் சொல்ல வேண்டியது மூணே மூணு. தண்ணீரைத் தாராளமா விடுங்க. செப்டிக் வகைக் காகிதம் தவிர எதுவும் போகக்கூடாது, ஈரத் துடைப்பான் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மிதிக்கிறதுக்கு முன்னாடி கூரை விசிறியை அணைங்க. விசிறி ஓடும்போது வால்வு திறந்தா தொட்டி நாத்தம் மேலே இழுபட்டு வண்டி முழுக்க வரும். "வண்டி நாறுது"ங்கிற புகாரில் பெரும்பகுதி இதுதான். மீதி, கிண்ணத்தில் நிக்க வேண்டிய தண்ணீர் நிக்காதது. வால்வு ஓரத்து ரப்பரில் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கும், துடைச்சா போகும், போகலைன்னா ரப்பரை மாத்தணும்.

படிக்கட்டு
கால் பெடல் முழங்காலுக்குக் கஷ்டம். கைநெம்பு உள்ள கழிவறை கிடைக்குது, 17, 18 அங்குல உயரத்தில். பழசு தாழ்வா இருந்தா ரெண்டையும் ஒரே தடவையில் முடிச்சுடுங்க.

சின்னஅடுப்பு
சாம்பல் தொட்டி வால்வைத் திறந்தே வைக்கலாமா? கழிவுநீர் இணைப்பு இருக்கும்போது ஏன் மூடணும்?

கறுப்புத்தொட்டி
வைக்கலாம், நிறையப் பேர் வைக்கிறாங்க. ஆனா சாக்கடைக் காத்தும் சின்ன ஈயும் அந்த வழியா மேலே வரும். தடுக்கிறது சிங்க் அடியில் வளைவில் நிக்கிற தண்ணீர் ஒண்ணுதான், பயன்படுத்தாத ஷவரில் அது வத்திடும். அதோட கறுப்புத் தொட்டி காலி பண்ற அன்னிக்குக் குழாயைக் கழுவச் சாம்பல் தண்ணீர் மிச்சம் இருக்காது. நடுவழி: காலி பண்றதுக்கு முந்தின நாள் மூடிச் சேர்த்து வெச்சா போதும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைச்சிட்டுக் கழுவச் சொல்லுங்க, நாத்தம் பாதி குறையும்.

குளிர்பெட்டி
இன்சுலின்னு படிச்சதும் எழுத வந்தேன். திறக்காத இன்சுலின் 36 முதல் 46 பாரன்ஹீட்டுக்குள் இருக்கணும். உறைஞ்சு இளகினது பாக்க நல்லா இருந்தாலும் குப்பைக்குத்தான். டிரெய்லர்க் குளிர்பெட்டி ரெண்டு வகை. கேஸிலும் ஓடுற வகை உறிஞ்சல் முறை, அதுக்கு மட்டம் முக்கியம். வண்டி சாய்ஞ்சு நின்னா உள்ளே அம்மோனியாக் கரைசல் ஒரு இடத்தில் தேங்கி, அடைச்சு, யூனிட்டே போயிடும். குளிர ஒரு இரவு பிடிக்கும், வெயில் உச்சியில் 46க்கு மேலே ஏறும், பின்பக்க அலுமினியத் தகடு கிட்ட மட்டும் உறையும். அதனால இன்சுலினைத் தகட்டை விட்டு விலக்கி, கதவிலும் வைக்காம, நடுத்தட்டில் ஒரு டப்பாக்குள். டப்பாக்குள்ளேயே தெர்மாமீட்டர். காலை ஊசி போடும்போது ஒருதரம், மதியம் மூணு மணிக்கு ஒருதரம் பாக்கச் சொல்லுங்க. தகட்டில் ஒரு கிளிப்போட ஒயர் தொங்கும், அதை மேலே நகர்த்தினா அதிகம் குளிரும்.

12 வோல்ட் கம்ப்ரெசர் வகைன்னா இந்தத் தொல்லை பெருசா இல்லை. எதுவா இருந்தாலும், இப்போ பயன்படுத்துற பேனாவைப் பல வகைகளில் 86 பாரன்ஹீட்டுக்குள் 28 நாள் வெளியே வைக்கலாம், பெட்டித் தாளில் உள்ள கணக்குதான் கணக்கு. பழைய ஊசிகளைக் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடணும், கேம்ப்கிரவுண்ட் குப்பைத்தொட்டியில் உதிரியாப் போடவே கூடாது. பையை எடுக்கிற ஆள் கையில் குத்தும்.

முப்பதுஆம்ப்
குளிர்பெட்டியில் "ஆட்டோ" இருந்தா அதில் விடுங்க. கம்பத்தில் கரண்ட் போனா கேஸுக்குத் தானே மாறும்.

திண்ணை72
ராத்திரிக் குளிர் பத்திக் கேக்கணும். கேஸ் ஹீட்டரா, மின் ஹீட்டரா?

முப்பதுஆம்ப்
கணக்கைப் பாருங்க. மணிக்கு 30,000 பிடியு (வெப்ப அளவு) ஹீட்டர் விடாம எரிஞ்சா 20 பவுண்ட் சிலிண்டர் 14 மணி நேரம், 30 பவுண்ட் 21 மணி நேரம். குளிர் ராத்திரியில் பாதி நேரம் எரியும்னு வெச்சாலும் ரெண்டு நாளுக்கு ஒரு சிலிண்டர். அதனால மின் ஹீட்டருக்குத் தாவுறாங்க. 1,500 வாட்டை டிரெய்லர் சாக்கெட்டில் ராத்திரி முழுக்க ஓட்டாதீங்க. பல டிரெய்லர் சாக்கெட்டுகளில் ஒயரை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்க மாட்டாங்க, அழுத்திச் சொருகியிருப்பாங்க, மணிக்கணக்கில் 12 ஆம்ப் போனா சூடேறும். 750 வாட்டில் வைங்க, சாஞ்சா தானே அணையுற வகை.

இன்னொரு பொறி: உறைபனி ராத்திரியில் கேஸ் ஹீட்டரை முழுக்க அணைக்கக்கூடாது. பல வண்டிகளில் அதோட குழல் ஒண்ணு கீழே தொட்டிப் பக்கம் போகும். உள்ளே பாட்டி கதகதப்பா இருப்பாங்க, தரைக்குக் கீழே குழாய் உறையும். தெர்மோஸ்டாட்டைத் தாழ்வா வெச்சு ரெண்டையும் சேர்த்து ஓட்டணும். வெளிக்குழாயைச் சாயங்காலமே கழட்டி வடிச்சிட்டு, உள்தொட்டித் தண்ணீரில் பம்ப் போட்டுக்கலாம்.

மூக்கு
யாரும் தொடாத ஒண்ணு. புரொபேனுக்கு நாத்தம் சேர்த்துத்தான் விக்கிறாங்க, ஆனா வயசாக ஆக மோப்பம் மங்கும். பாட்டி மூக்கை நம்பாதீங்க, அலாரத்தை நம்புங்க. கேஸ் அலாரம் தரையோரத்தில் இருக்கும், ஏன்னா புரொபேன் காத்தைவிடக் கனம். பின்பக்கம் தயாரிப்பு மாசமும் ஆண்டும் அச்சடிச்சிருக்கும். இதோட ஆயுள் 5 முதல் 7 வருஷம், அப்புறம் பச்சை விளக்கு எரிஞ்சாலும் உள்ளே உணர்வு செத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதி உண்டு, அதையும் திருப்பிப் பாருங்க. ஹேர் ஸ்பிரே, கிருமிநாசினி ஸ்பிரே அடிச்சா கேஸ் அலாரம் சும்மாவே அலறும். ரெண்டு தடவை சும்மா அலறினா மூணாம் தடவை ஒயரைப் பிடுங்கிடுவாங்க. ஸ்பிரேயை வண்டிக்குள் தடை பண்ணிடுங்க.

அலறினா: எந்த சுவிட்சையும் தொடாம வெளியே. அவ்வளவுதான். வால்வை மூடப் போகட்டும்னு எழுதுறவங்க உண்டு, முழங்கால் வலிக்காரருக்கு அது வேண்டாம்.

வெளியேற இரண்டாவது வழி சிவப்புக் கைப்பிடி ஜன்னல். ஒரு தடவை நிஜமாத் திறந்து பாருங்க. ரப்பர் ஒட்டிக்கிட்டுத் திறக்காம இருக்கிறது சகஜம். கட்டிலிலிருந்து அதன் வழியா பாட்டியால் இறங்க முடியாதுன்னா, படுக்கை கதவுப் பக்கமா மாறணும். இதில் பேரம் இல்லை.

குளிர்பெட்டி
மெத்தை அடியைப் பத்தியும் சேர்த்துக்குங்க. ப்ளைவுட் மேல நேரா மெத்தை, உடம்புச் சூடு மேலே, குளிர் கீழே. மாசத்தில் கறுப்புப் புள்ளி விழும். இடையில் காத்தோடுற வலைப்பாய் போட்டு, வாரம் ஒருதரம் மெத்தையைச் சாய்ச்சு நிறுத்தணும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் நிக்க சின்ன டீஹியூமிடிஃபையர், சமைக்கும்போது கூரை விசிறியோட ஒரு ஜன்னல் ரெண்டு விரல் திறப்பு. ஜன்னல் மூடியிருந்தா விசிறி சுத்தும், காத்து போகாது.

வரைபடம்
காகித வேலை. 62 வயசு தாண்டின குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவங்களுக்கும் சீனியர் பாஸ் உண்டு. ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80 டாலர். பல கூட்டாட்சிக் கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணம். விசிட்டர் விசாவில் வந்த பாட்டிக்குக் கிடையாது, மாநிலப் பூங்காக்களிலும் தனியார் பார்க்குகளிலும் செல்லாது. அந்தக் கூட்டாட்சி இடங்களில் பெரும்பாலும் 14 நாள் வரம்பு. மூணு மாசம்னா தனியார் பார்க்தான், மாத வாடகையில் மின்சாரம் பெரும்பாலும் தனி மீட்டர். துணி காயப்போடும் கயிறு பல பார்க்கில் தடை, கையெழுத்துப் போடும் முன்னாடி விதித்தாளைப் படிங்க.

புயல் எச்சரிக்கைக்கு நோவா வானிலை ரேடியோ ஒண்ணு, பேட்டரியோட. சூறாவளிக்கு டிரெய்லர் தங்குமிடம் இல்லை. பல இடங்களில் கல்கட்டிடக் குளியலறைதான் ஒதுங்குமிடம், ஆபீஸில் கேட்டு உறுதி பண்ணுங்க. சைட்டை எடுக்கும்போதே அங்கே பாட்டி நடையில் எத்தனை நிமிஷம்னு நடந்து பாத்து எடுங்க. ஏரியோரம் அழகான சைட்டைவிடக் குளியலறைக்குப் பக்கத்து சைட் மேல்.

வெயில் மறைப்பைக் காத்தில் விட்டு வைக்காதீங்க. மோட்டார் சுவிட்ச் பாட்டிக்கு எட்டும், ஆனா கை அடங்குறதுக்குள் காத்து கிழிச்சிடும். தனியா இருக்கிற நாளில் மூடியே இருக்கட்டும், நிழலுக்குக் குடை போதும்.

திண்ணை72
நல்லது. அப்போ பட்டியல் இப்படித் தேறுது: சுவிட்ச், இண்டக்ஷன், தெர்மாமீட்டர், கூரை விசிறி, குழாயடி இவங்க கையில். சிலிண்டர், கழிவு வால்வு, ஜாக், வெயில் மறைப்பு சாயங்கால ஆள் கையில். பானலில் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தா இருக்கே, அதுக்கு என்ன வழி?

மூக்கு
ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே தமிழில் லேபிள். "வெந்நீர், மின்சாரம்", "வெந்நீர், கேஸ்", "பம்ப்". தொடக்கூடாத சுவிட்சுக்குச் சிவப்பு டேப், குறிப்பா ஸ்லைடு சுவிட்ச், வண்டிச் சுவரின் ஒரு பகுதியை வெளியே தள்ளி உள்ளே இழுக்கிறது. நாற்காலி வழியில் இருக்கும்போது ஸ்லைடு உள்ளே வந்தா நாற்காலியும் உடையும், மோட்டாரும் போகும்.

கதவின் உள்பக்கம், கண் உயரத்தில் ஒரு அட்டை. பெரிய எழுத்தில் பார்க் பேர், சாலை, சைட் எண், கேட் கோட், மருந்துப் பட்டியல். அவசர உதவி எண் 911ஐ அழைச்சா முதலில் கேப்பது எங்கேன்னுதான். பெரும்பாலான இடங்களில் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலேயே சேர்ப்பாங்க, அதுக்கு "தமிழ் இன்டர்பிரிட்டர்"ங்கிற ரெண்டு சொல்லைச் சொல்லத் தெரிஞ்சா போதும். அட்டையில் முகவரிக்கு மேல் முதல் வரியா அதைத் தமிழ் எழுத்தில் எழுதுங்க. சைட் மாறினா எண்ணையும் அன்னிக்கே மாத்தணும், பழைய எண் ஒட்டியிருக்கிற அட்டை இல்லாததைவிடக் கெடுதல்.